கையார் கோட்டை

கையார் கோட்டை (பிரெஞ்சு மொழியில் சாட்டோ கையார்) என்பது பிரான்சு நாட்டின் நோர்மண்டிப் பகுதியில், லெசாந்தலி நகருக்கு மேலே, செயின் ஆற்றை நோக்கியபடி அமைந்துள்ள ஓர் இடைக்காலக் கோட்டை ஆகும். இங்கிலாந்தின் மன்னரும் நோர்மண்டியின் கோமகனுமாக இருந்த முதலாம் ரிச்சார்ட் இதனை 1196 ஆம் ஆண்டுக்கும் 1198 ஆம் ஆண்டுக்கும் இடையில் கட்டுவித்தார். அக்கால ஐரோப்பாவின் மிக முன்னேறிய கோட்டைகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. எனினும், கட்டி முடிக்கப்பட்டு ஆறு ஆண்டுகளுக்குள், 1204 மார்ச் 6 ஆம் நாள், இது பிரான்சு மன்னர் இரண்டாம் பிலிப்பிடம் வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியைத் தொடர்ந்து நோர்மண்டி முழுவதும் ஆங்கிலேய அரச குடும்பத்தின் கையை விட்டுச் சென்றது. கோட்டையின் வலிமை மதில்களை மட்டுமன்றி, அவற்றுக்குள் வாழ்வோரின் உணவு, நீர், அன்றாடத் தேவைகள் ஆகியவற்றையும் எவ்வளவு சார்ந்திருந்தது என்பதை விளக்குவதற்கு இக்கோட்டையின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பெயர்

பிரெஞ்சு மொழியில் "கையார்" என்னும் சொல் துணிவு, துடுக்கு, உறுதி ஆகிய பொருள்களைத் தரும். இலத்தீன் ஆவணங்களில் இக்கோட்டை "பாறை மீதுள்ள அழகிய கோட்டை" என்னும் பொருள் தரும் பெயரால் குறிப்பிடப்பட்டுள்ளது. ரிச்சார்ட் தன் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் வெளியிட்ட பல ஆவணங்கள் இப்பெயருடன் இவ்விடத்திலிருந்தே எழுதப்பட்டவை.

அமைவிடம்

செயின் ஆறு பாரிசிலிருந்து நோர்மண்டியின் தலைநகரான ரூவானை நோக்கி வளைந்து வளைந்து ஓடுகின்றது. அவ்வளைவுகளுள் ஒன்றின் கரையில், ஆற்று மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயரமான சுண்ணக்கற் பாறைத் திட்டின் மீது கோட்டை நிற்கின்றது. பாரிசிலிருந்து ஆற்றின் வழியாக ரூவானுக்குச் செல்லும் எந்தப் படையும் இவ்விடத்தைக் கடந்தே ஆகவேண்டும். பாறைத் திட்டின் பெரும்பாலான பக்கங்கள் செங்குத்தாக இறங்குகின்றன. தென்கிழக்கில் மட்டும் ஒரு குறுகிய நிலப்பகுதி இதனை அருகிலுள்ள மேட்டுநிலத்துடன் இணைக்கின்றது. ஆகவே, பெரும் படையொன்று அணுகக்கூடிய ஒரே வழி இதுவாக இருந்தது. கோட்டையின் முழு வடிவமைப்பும் இந்த ஓர் உண்மையை அடிப்படையாகக் கொண்டது.

பின்னணி

மூன்றாம் சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில், 1192 ஆம் ஆண்டு இறுதியில், ரிச்சார்ட் சிறைப்பிடிக்கப்பட்டார். 1194 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே அவர் விடுதலை பெற்றார். இந்த இடைவெளியில் பிலிப், நோர்மண்டியின் எல்லையில் இருந்த வலுவான கிசோர் கோட்டையையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் கைப்பற்றிக்கொண்டார். இதனால் ரூவானுக்குச் செல்லும் வழி பாதுகாப்பின்றி இருந்தது. இழந்ததை ஈடுசெய்யவே ரிச்சார்ட் ஆந்தலியைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் ஆந்தலி அவருக்குச் சொந்தமான இடம் அன்று. அது ரூவான் பேராயர் வால்ட்டர் தெ கூத்தான்சுக்கு உரியது. அத்துடன், 1196 சனவரியில் இரு மன்னர்களும் செய்துகொண்ட உடன்படிக்கை அங்கே அரண் அமைப்பதைத் தடை செய்திருந்தது. ரிச்சார்ட் இவ்விரண்டையும் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடங்கினார். பேராயர் நோர்மண்டி முழுவதிலும் வழிபாட்டுத் தடை விதித்தார். தேவாலயச் சடங்குகள் நின்றுபோனதால் இறந்தோரின் உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் தெருக்களில் கிடந்தன என அக்காலக் குறிப்புக்கள் கூறுகின்றன. பிணக்கு திருத்தந்தையின் முன் கொண்டுசெல்லப்பட்டது. இறுதியில், 1197 அக்டோபரில், தியெப் துறைமுகத்தையும் வேறு சில நிலங்களையும் பேராயருக்கு ஈடாக வழங்கி ரிச்சார்ட் ஆந்தலியைப் பெற்றுக்கொண்டார்.

கட்டுமானம்

கோட்டை இரண்டே ஆண்டுகளில் பெருமளவு கட்டி முடிக்கப்பட்டது. அக்காலத்தில் இவ்வளவு பெரிய கற்கோட்டையைக் கட்டப் பொதுவாகப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. நோர்மண்டியின் அரச கணக்கேட்டின்படி இதற்கான செலவு ஏறத்தாழ 12,000 இங்கிலாந்துப் பவுண்கள் ஆகும். ரிச்சார்ட் தனது ஆட்சிக் காலம் முழுவதிலும் இங்கிலாந்திலிருந்த எல்லாக் கோட்டைகளுக்குமாகச் செலவிட்ட தொகை சுமார் 7,000 பவுண்கள் என மதிப்பிடப்படுவதை இதனுடன் ஒப்பிடலாம்.

கல்வெட்டுவோர், கற்கொத்தர், தச்சர், கொல்லர், சுண்ணாம்பு சுடுவோர், நீர் சுமப்போர் எனப் பலவகைத் தொழிலாளருக்குக் கூலி கொடுத்த விபரங்கள் கணக்கேட்டில் காணப்படுகின்றன. ஆனால் தலைமைக் கட்டிடக் கலைஞர் ஒருவரின் பெயர் அதில் இல்லை. இதனால், ரிச்சார்ட் தாமே வடிவமைப்பை நேரடியாக வழிநடத்தியிருக்கலாம் எனச் சில வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர்.

இச்செலவு கோட்டைக்கு மட்டும் உரியதன்று. பாறையின் அடியில் பெத்தி ஆந்தலி (சிறிய ஆந்தலி) என்னும் மதில் சூழ்ந்த புதிய ஊர், ஆற்றிடைத் தீவில் ஓர் அரண், அவற்றை இணைக்கும் பாலம், ஆற்றின் குறுக்கே மரத்தடுப்பு ஆகியனவும் அமைக்கப்பட்டன. எல்லாம் சேர்ந்து ஒரே பாதுகாப்புத் தொகுதியாக இயங்கின.

வடிவமைப்பு

கோட்டை மூன்று முற்றங்களைக் கொண்டது. எதிரி ஒவ்வொன்றையும் தனித்தனியே கைப்பற்றினால் மட்டுமே அடுத்ததை அணுகமுடியும் என்ற வகையில் இவை ஒழுங்கமைக்கப்பட்டுள்ளன.

வெளிமுற்றம்: இது தென்கிழக்கு நோக்கிய முனையைக் கொண்ட முக்கோணம் போன்ற வடிவம் உடையது. படை வரக்கூடிய ஒரே திசையை எதிர்நோக்கியவாறு முனையில் ஒரு பெரிய வட்டக் கோபுரமும், ஏனைய இடங்களில் சிறிய கோபுரங்களும் இருந்தன. இம்முற்றம் பாறையில் வெட்டப்பட்ட ஆழமான உலர் அகழியால் ஏனைய பகுதிகளிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. எனவே, இது வீழ்ந்தாலும் முதன்மைக் கோட்டை பாதிக்கப்படாது.

நடுமுற்றம்: அகழிக்கு அப்பால் அமைந்த இம்முற்றம் மூன்றிலும் பெரியது. கிணறு, பண்டசாலைகள், சிற்றாலயம் முதலிய அன்றாடத் தேவைக்கான அமைப்புக்கள் இங்கே இருந்தன.

உள்முற்றம்: இது நடுமுற்றத்தின் உள்ளேயே, தனி அகழியுடன் அமைந்தது. இதன் மதிலே கோட்டையின் தனிச்சிறப்பு. மதிலின் வெளிமுகம் நேராக இல்லாமல், அடுத்தடுத்து அமைந்த அரைவட்டப் புடைப்புக்களைக் கொண்டு நெளிவாகக் காணப்படுகின்றது.

முதன்மைக் கோபுரம்: உள்முற்றத்தில், ஆற்றை நோக்கிய செங்குத்தான பாறை விளிம்பில் முதன்மைக் கோபுரம் உள்ளது. உட்புறம் வட்டமாகவும், தாக்குதல் வரக்கூடிய வெளிப்பக்கம் கப்பலின் முன்பகுதியைப் போலக் கூர்மையாகவும் இது அமைந்துள்ளது.

பாதுகாப்பு உத்திகள்

பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்றுகைப் படைகள் பயன்படுத்திய முக்கிய வழிமுறைகள் ஏணி வைத்து ஏறுதல், கல்லெறி பொறிகளால் மதிலை உடைத்தல், மதிலின் அடியில் சுரங்கம் தோண்டிச் சரித்தல், பட்டினி போடுதல் என்பனவாகும். கையார் கோட்டையின் ஒவ்வொரு கூறும் இவற்றுள் ஒன்றுக்கு விடையாக அமைந்தது.

சதுரக் கோபுரங்களின் மூலைகள் சுரங்கம் தோண்டுவோருக்கு எளிய இலக்காக இருந்தன. 1215 இல் இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டையில் ஜான் மன்னரின் படையினர் இவ்வாறே ஒரு மூலையைச் சரித்தனர். சுரங்கத்தைத் தாங்கிய மரங்களை எரிப்பதற்கு 40 பன்றிகளின் கொழுப்பு பயன்படுத்தப்பட்டது. வட்டக் கோபுரத்துக்கு இத்தகைய மூலைகள் இல்லை. மேலும், மூலைக்குப் பின்னால் எதிரி மறைந்து நிற்கக்கூடிய, மேலிருந்து பார்வைக்கு எட்டாத இடமும் குறைவு. உள்முற்ற மதிலின் அரைவட்டப் புடைப்புக்கள் இதே கருத்தை மதில் முழுவதற்கும் விரிவுபடுத்துகின்றன. எறியப்படும் கற்கள் வளைந்த பரப்பில் பட்டுச் சறுக்கி விலகும். காவலர்கள் எல்லாக் கோணங்களிலும் அம்பெய்ய முடியும்.

முதன்மைக் கோபுரத்தின் அடிப்பகுதி சரிவாகத் தடித்துள்ளது. இது சுரங்கத்துக்குத் தடையாக இருப்பதுடன், மேலிருந்து போடப்படும் கற்கள் சரிவில் பட்டு எதிரிகளை நோக்கித் தெறிக்கவும் உதவியது. கோபுரத்தின் மேற்பகுதியில், ஆப்பு வடிவான தாங்குசுவர்கள் வளைவுகளைத் தாங்கி நின்றன. அவ்வளைவுகளுக்கும் சுவருக்கும் இடையே விடப்பட்ட துவாரங்களின் வழியாக, காவலர்கள் தம்மை வெளிக்காட்டாமல் நேர் கீழே நிற்போர் மீது கற்களைப் போட முடிந்தது. பிரெஞ்சு மொழியில் மாசிகூலி எனப்படும் இவ்வமைப்பைக் கல்லில் கட்டிய மிகப் பழைய ஐரோப்பிய எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று. அதற்கு முன்னர் இதே தேவைக்காக மதில் உச்சியில் மரப் பரண்களைக் கட்டினர். அவை எளிதில் தீப்பிடிக்கக் கூடியவை.

கோட்டையினுள் அன்றாட வாழ்க்கை

அமைதிக் காலத்தில் இத்தகைய கோட்டையில் பெரும் படை இருப்பதில்லை. மன்னர் வராத நாட்களில் அவரது சார்பில் கோட்டைத் தலைவர் ஒருவர் பொறுப்பாக இருந்தார். அவருக்குக் கீழ் ஒரு சில வீரத்தகையரும், காலாட்களும், குறுக்குவில் வீரரும் இருந்தனர். இவர்களைவிடச் சமையலாளர், ரொட்டி சுடுவோர், கொல்லர், தச்சர், குதிரை பராமரிப்போர், குரு ஆகியோரும் கோட்டையின் நிலையான குடிகள் ஆவர். மன்னர் வந்து தங்கும்போது மட்டும் எழுத்தர், பணியாளர், விருந்தினர் எனக் கோட்டை நிறைந்தது.

அக்காலக் கோட்டைகளில் வாழ்க்கை பொதுவாகப் பெருங்கூடத்தை மையமாகக் கொண்டிருந்தது. உணவு உண்பதும், வழக்கு விசாரிப்பதும், பணியாளர் பலர் இரவில் படுத்துறங்குவதும் அதே கூடத்திலேயே நடைபெற்றன. தரையில் கோரைப்புல் பரப்பப்பட்டது. வெளிச்சத்துக்கு விலங்குக் கொழுப்பில் செய்த மெழுகுதிரிகள் பயன்பட்டன. பாதுகாப்பின் பொருட்டுச் சாளரங்கள் குறுகலாக இருந்ததால், பகலிலும் அறைகள் இருண்டிருந்தன. தீ பரவும் ஆபத்து இருந்ததால் சமையற்கூடம் பெரும்பாலும் தனியாக அமைக்கப்பட்டது. கழிவறைகள் மதிலின் தடிப்பினுள் அல்லது வெளிப்புறம் துருத்தியவாறு கட்டப்பட்டு, கழிவு ஒரு துவாரத்தின் வழியே வெளியே விழுமாறு விடப்பட்டது.

உணவில் ரொட்டியே முதன்மையானது. அவரை, பட்டாணி போன்ற பருப்பு வகைகளும், உப்பிட்ட பன்றி இறைச்சியும், உப்பிட்ட மீனும் நீண்டகாலச் சேமிப்புக்கு ஏற்றவை. குதிரைகளுக்கான தீவனமும் சேமிக்க வேண்டியதாயிற்று. கோட்டைத் தலைவரின் மிக முக்கியமான வேலை இந்தச் சேமிப்பைக் கணக்கிடுவதாகும். எத்தனை பேர், எத்தனை நாட்களுக்கு என்ற கணக்கே முற்றுகையின் முடிவைப் பல வேளைகளில் தீர்மானித்தது.

1203 - 1204 முற்றுகை

1199 ஏப்ரலில் ரிச்சார்ட் அம்புக் காயத்தால் இறந்தார். அவருக்குப் பின் தம்பி ஜான் அரியணை ஏறினார். 1202 இல், பிரான்சில் ஜானுக்கு இருந்த நிலங்கள் பறிமுதல் செய்யப்படுவதாகப் பிலிப் அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆகத்து மாதத்தில் அவர் ஆந்தலிக்கு வந்தார். அப்போது கோட்டையின் தலைவராக ரோசர் தெ லேசி இருந்தார்.

பிலிப்பின் வீரர்கள் ஆற்றுத் தடுப்பை உடைத்து, படகுகளால் பாலம் அமைத்தனர். ஜான் அனுப்பிய உதவிப்படை தரைவழியாகவும் ஆற்றுவழியாகவும் ஒரே நேரத்தில் இரவில் தாக்குவதாக இருந்தது. நீரோட்டத்தை எதிர்த்து வந்த படகுகள் தாமதித்ததால் தரைப்படை தனித்து நின்று தோற்றது. பின்னர் வந்த படகுகளும் விரட்டப்பட்டன. தீவு அரணும், அடுத்துப் பெத்தி ஆந்தலியும் வீழ்ந்தன.

கோட்டையில் அடைக்கலம் புகுந்த மக்கள்

பெத்தி ஆந்தலியின் மக்கள் மேலே இருந்த கோட்டைக்குள் ஓடி அடைக்கலம் புகுந்தனர். இவர்களின் தொகை 1,400 முதல் 2,200 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகின்றது. ஒரு சிறிய காவற்படைக்கெனச் சேமித்த உணவை இப்போது இவர்களும் பகிரவேண்டியதாயிற்று. பிலிப்போ உடனடியாகத் தாக்காமல், கோட்டையைச் சுற்றி அகழிகளையும் மரக் கோபுரங்களையும் அமைத்துக் காத்திருந்தார்.

லேசி, போரிட இயலாதவர்களை வெளியேற்றத் தீர்மானித்தார். முதலில் சுமார் 500 பேரும், பின்னர் மேலும் 500 பேரும் வெளியேறினர். பிரெஞ்சு வீரர்கள் இவர்களைத் தடுக்காமல் போகவிட்டனர். இதனை அறிந்த பிலிப், இனி எவரையும் விடக்கூடாது எனக் கட்டளையிட்டார். மூன்றாவதாக வெளியேற்றப்பட்ட கூட்டத்தில் குறைந்தது 400 பேர் இருந்தனர். சில மதிப்பீடுகள் இத்தொகையை 1,000 க்கும் மேலாகக் கொள்கின்றன. இவர்கள் முற்றுகைக் கோட்டை அடைந்தபோது அம்புகளால் விரட்டப்பட்டனர். திரும்பிச் சென்றபோது கோட்டைக் கதவுகள் மூடப்பட்டிருந்தன.

மதிலுக்கும் முற்றுகைப் படைக்கும் இடையே, பாறைச் சரிவுகளில், குளிர்காலத்தில் இவர்கள் அகப்பட்டுக்கொண்டனர். புல்லும் பூண்டும் கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட நாய்களுமே இவர்களின் உணவாயின. பல வாரங்களின் பின்னர், மீண்டும் முற்றுகைக் களத்துக்கு வந்த பிலிப் இவர்களுக்கு உணவளித்துச் செல்லவிடுமாறு கட்டளையிட்டார். அதற்குள் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துவிட்டனர். நெடும் பட்டினியின் பின் உணவு உண்டதால் இறந்தவர்களும் உண்டு. இந்நிகழ்வை விரிவாக எழுதியவர் கியோம் லெ பிரெத்தோன் என்பவர். இவர் பிலிப்பின் குருவாக இருந்து முற்றுகையை நேரில் கண்டவர். தன் மன்னரின் இரக்கத்தைப் புகழும் நோக்கம் அவருக்கு இருந்தது என்பதை மனத்திற்கொண்டே அவரது கூற்றுக்களைப் படிக்கவேண்டும். எனினும், அம்மக்களைத் தடுக்கச் சொன்ன கட்டளையும் அதே மன்னருடையது என்பதை அவரது நூலே பதிவு செய்துள்ளது.

வீழ்ச்சி

1203 திசம்பரில் ஜான் இங்கிலாந்துக்குத் திரும்பினார். உதவி வரும் என்ற நம்பிக்கை இல்லாமற் போயிற்று. 1204 இன் தொடக்கத்தில் பிலிப் நேரடித் தாக்குதலைத் தொடங்கினார்.

முதலில், பிரெஞ்சு வீரர்கள் வெளிமுற்றத்தின் அகழியை நிரப்பி, முனைக் கோபுரத்தின் அடியில் சுரங்கம் தோண்டிச் சரித்தனர். காவற்படை நடுமுற்றத்துக்குப் பின்வாங்கியது.

நடுமுற்றத்தின் மதிலை ஒட்டி ஜான் புதிதாக ஒரு சிற்றாலயத்தைக் கட்டுவித்திருந்தார். அக்கட்டிடத்தில் காவலற்ற ஒரு திறப்பு இருந்தது. இது கழிவறைத் துவாரம் என்று பரவலாகக் கூறப்படுகின்றது. சிற்றாலயக் கட்டிடத்தின் சாளரம் என்பது மற்றொரு விளக்கம். எவ்வாறாயினும், சில வீரர்கள் இதன் வழியாக உள்ளே நுழைந்து பெருஞ்சத்தம் எழுப்பினர். பெரும் படையே புகுந்துவிட்டதாக எண்ணிய காவற்படையினர் கட்டிடத்துக்குத் தீ வைத்தனர். தீ அவர்கள் பக்கமே பரவியதால் உள்முற்றத்துக்கு ஓட நேர்ந்தது. உள்ளே நுழைந்தவர்கள் தூக்குப்பாலத்தை இறக்கித் தம் படையை அனுமதித்தனர்.

உள்முற்றத்து அகழியைக் கடப்பதற்கு மரப்பாலம் இருக்கவில்லை. பாறையின் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டு அதனையே பாலமாக்கியிருந்தனர். மரப்பாலமாயின் அகற்றிவிடலாம். பாறைப் பாலத்தை அகற்ற முடியாது. அதன் மறைவில் நின்று பிரெஞ்சுப் படையினர் மதிலடியில் சுரங்கம் தோண்டினர். அவர்களைத் தடுக்கக் காவற்படையினர் உள்ளிருந்து தோண்டிய எதிர்ச்சுரங்கமும் மதிலை மேலும் வலுவிழக்கச் செய்தது. பின்னர் கல்லெறி பொறியின் தாக்குதலால் மதில் உடைந்தது. 1204 மார்ச் 6 ஆம் நாள், எஞ்சியிருந்த ஏறத்தாழ 150 பேர் சிறைப்பட்டனர். முதன்மைக் கோபுரம் இறுதிவரை போரில் பயன்படவே இல்லை. அதே ஆண்டு சூன் 24 ஆம் நாள் ரூவான் நகரம் சரணடைந்தது. லேசி பின்னர் மீட்புப் பணம் செலுத்தி விடுவிக்கப்பட்டார்.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

உள்முற்றத்தின் வளைந்த மதிலும், முதன்மைக் கோபுரமும் வடிவமைப்பில் குறைபாடுடையவை எனக் கூறமுடியாது. எதிரி பயன்படுத்திக்கொண்ட இடங்களுள் இரண்டு, கோட்டையில் வாழ்வோரின் வசதிக்காக அமைந்தவை. வழிபாட்டுக்காகக் கட்டிய சிற்றாலயம் ஒன்று. எளிதாகப் போய்வருவதற்காக விடப்பட்ட பாறைப் பாலம் மற்றொன்று. உணவுச் சேமிப்பும், ஊர் மக்கள் மேலே ஓடிவருவார்கள் என்பதைக் கணக்கிற்கொள்ளாததாகவே இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிலிருந்து உதவிப்படை வரும் வரை தாக்குப்பிடிப்பதே எந்தக் கோட்டைக்கும் உள்ள பணியாகும். உதவி வராதபோது, மதில் எவ்வளவு வலிமையானதாயினும் அது காலத்தை நீட்டிக்க மட்டுமே முடியும்.

பிற்கால வரலாறு

பிரெஞ்சு மன்னர்களின் கீழ் கோட்டை சிறைச்சாலையாகவும் பயன்பட்டது. பின்னர் பத்தாம் லூயி என முடிசூடியவரின் மனைவியான பர்கண்டியின் மார்கரெட், ஒழுக்கக் குற்றச்சாட்டின் பேரில் 1314 இல் இங்கே அடைக்கப்பட்டு, 1315 இல் இறந்தார். 1334 ஆம் ஆண்டு முதல் 1341 ஆம் ஆண்டு வரை, நாட்டைவிட்டு வெளியேறிய இசுக்கொட்லாந்தின் சிறுவயது மன்னர் இரண்டாம் டேவிட் இங்கே தங்கியிருந்தார்.

நூறாண்டுப் போரின்போது கோட்டை பலமுறை கைமாறியது. 1419 இல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றியின் படை நீண்ட முற்றுகையின் பின் இதனைக் கைப்பற்றியது. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கயிறுகள் தேய்ந்து அறுந்துபோனமையே காவற்படை சரணடைந்ததற்குக் காரணம் எனக் கூறப்படுகின்றது. 1430 இல் பிரெஞ்சுத் தளபதி லா ஈர் கோட்டையை மீட்டார். விரைவிலேயே மீண்டும் ஆங்கிலேயர் வசமான இது, 1449 இல் நிலையாகப் பிரான்சுக்கு உரியதாயிற்று.

1573 அளவில் கோட்டை குடியிருப்பாரின்றிச் சிதைந்திருந்தது. ஆயுதக் குழுக்களின் கையில் சிக்கினால் அப்பகுதி மக்களுக்கு ஆபத்து ஏற்படும் என்ற அச்சத்தினால், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நான்காம் ஹென்றி இதனை இடிப்பதற்கு இசைந்தார். கப்புச்சின் துறவியர் தமது மடத்துக்காக இங்கிருந்து கற்களை எடுத்துச் சென்றனர்.

இன்றைய நிலை

1862 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு இதனை வரலாற்று நினைவுச் சின்னமாக அறிவித்தது. முதன்மைக் கோபுரத்தின் பெரும்பகுதியும், உள்முற்றத்தின் நெளிவான மதிலும், வெளிமுற்ற முனைக் கோபுரத்தின் எஞ்சிய பகுதியும் இன்றும் காணக்கூடியனவாக உள்ளன. பாறையில் வெட்டப்பட்ட அகழிகளும் தெளிவாகத் தெரிகின்றன. பெத்தி ஆந்தலி இன்று லெசாந்தலி நகரின் ஒரு பகுதியாகும்.